புருவத்தின் மேலொரு நீலக்கோடு

மேற்கே வெள்ளியங்கிரி மலை முகடுகள் முகிலாடை போர்த்து நிற்க, பாலைக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்த ஆடிக் காற்று, தென்னந்தோப்புகளின் தலையைக் கலைத்து, உக்கடத்துப் பெருங்குளத்தின் நீரைச் சுருக்கி விரித்து, ஆலைப் புகைபோக்கிகள் உமிழ்ந்த கரும்புகையைக் கிழக்கு நோக்கித் துரத்திக்கொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டின் ஒரு காலைப் பொழுது. ஆலைகளின் முதல் முறைவேலைச் சங்கொலி ஓய்ந்து, கோவை மாநகர் தன் அன்றாட அலுவலில் இறங்கிவிட்டிருந்தது. அவினாசிச் சாலையை ஒட்டி, காண்பவர் கண் கூச வேண்டும் என்பதற்காகவே எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகை ஒன்றுண்டு. அதன் முகப்பில் நின்ற எட்டுத் தூண்களும் கூரையைத் தாங்கவில்லை. வருவோர் வியப்பை மட்டுமே தாங்கி நின்றன. அம்மாளிகைக்கு உடையவர், நீரேற்றுப் பொறி வார்க்கும் ஆலையின் முதல்வர் செங்கோட்டையனார்.

அன்று அம்மாளிகைக் கூடத்தில் அவருடைய அண்ணன் பொங்கியண்ணனுக்குப் பதினாறாம் நாள் படத்திறப்பு. அழைப்பிதழில், மறைந்தவர் பெயருக்கு முன்னே 'சுரங்க அதிபர்' என்று பொன்னெழுத்து மின்னிற்று. கற்றறிந்த அன்பரே, உண்மை இதுதான்: பொங்கியண்ணன் முப்பத்தோராண்டு கோதாவரிக் கரையில் நிலத்தின் வயிற்றுக்குள் இறங்கி நிலக்கரி வெட்டிய கூலித் தொழிலாளி. அச்சுரங்கத்திலிருந்து அவர் தமக்கெனக் கொண்டுவந்தது தம் நுரையீரலில் படிந்த கரி ஒன்றே. அந்த அளவுக்கு அவர் அதன் உடைமையாளர் என்பதை யாரும் மறுப்பதற்கில்லை.

பெண்டிர் வரிசையின் கடைசியில், தாய் பொன்னாத்தாளின் கையைப் பற்றியபடி அமர்ந்திருந்தாள் ரங்கம்மாள். பொன்னாத்தாள் மறைந்தவருக்கு மூத்தவள். ரங்கம்மாளோ நூற்பாலையில் நூல் சுற்றும் வேலை பார்ப்பவள். மணம் செய்துகொள்ளாத பொங்கியண்ணன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பியபோது, தம்பியின் எட்டுத் தூண் மாளிகைக்குப் போகாமல், ஒண்டிப்புதூரில் இவளுடைய இரண்டறை வீட்டுக்கே வந்து ஒன்பதாண்டு வாழ்ந்தார். தெருவார் அனைவருக்கும் அவர் மாமன். ஆடுபுலியாட்டத்தில் நாணமின்றிக் கள்ளம் செய்வார். பிடிபட்டால், "இருட்டுலயே இருந்த கண்ணுங்க, காய் தெரியலீங்க" என்று இருமிக்கொண்டே சிரிப்பார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், அமருமுன் கைத்தடியால் கூரையைத் தட்டி ஓசை கேட்பது அவர் வழக்கம். சுரங்கத்தில் அப்படித் தட்டிப் பாராமல் அமர்ந்தவர் பலர் எழுந்ததில்லையாம். இம்மாளிகையின் புதுமனை புகுவிழாவிலும், பெருந்தலைவர்கள் சூழ்ந்திருக்க நாற்காலி மேலேறிக் கூரையைத் தட்டிப் பார்த்து, "பரவால்லீங்க தம்பி, நம்பி உக்காரலாம்" என்று உறுதி அளித்துவிட்டுத்தான் இறங்கினார். செங்கோட்டையனார் அன்றிரவு உண்ணவில்லை.

பொங்கியண்ணனின் இடப்புருவத்திலிருந்து நெற்றிக்கு ஏறிய நீலத் தழும்பு ஒன்றுண்டு. சுரங்கத்துக் கூரை முனகிய ஓசையை முதலில் கேட்டு, பதினொரு பேரைக் கத்தி விரட்டிக் கடைசியாக வெளியேறியபோது விழுந்த கல் கிழித்தது. ஆறுமுன் கரித்தூள் புகுந்த புண்ணாகையால், தோல் மூடிய பின்னும் உள்ளே நீலம் நிலைத்துவிட்டது. கேட்டவர்க்கெல்லாம், "பூமாதேவி குத்துன பச்சைங்க இது. ஊசிதான் கொஞ்சம் பெருசு" என்பார். தம்பிக்கோ அத்தழும்பு கண்ணில் விழுந்த தூசி. குடும்ப விழா தோறும், அண்ணனைப் போற்றுவது போல் பட்டு உருமாலைத் தாமே எடுத்துத் தலையில் புருவம் மறையுமாறு கட்டிவிடுவார் அவர். கட்டி முடித்த மறுநொடியே அதைப் பின்னுக்குத் தள்ளி, தழும்பு வெயில் காய விடுவார் அண்ணன். பாராட்டும் பணிவுமாய் ஊரார் கண்ட அக்காட்சி, உண்மையில் முப்பதாண்டு நீடித்த போர்.

பொங்கியண்ணனின் முகம் பதிந்த படம் உலகில் ஒன்றே ஒன்றுதான்; சுரங்கத்து அடையாள அட்டையில் ஒட்டியிருந்த விரலளவுப் படம். அதைப் பெரிதாக்க வேண்டுமென்று செங்கோட்டையனார் கேட்டபோது, ரங்கம்மாள் மகிழ்ந்தே கொடுத்தாள். அட்டை திரும்பவில்லை. நேற்று கேட்டதற்கு, "பெருசு வந்துருச்சல்லோ அம்மணி, அந்தக் கந்தல் எதுக்கு? குப்பையில போயிருச்சு" என்று விடை வந்தது.

மேடையில் தொழிற்கழகத் தலைவர் சுந்தரராஜுலு எழுந்தார். "மண்ணகத்தின் கருவறையில் கருவைரம் அகழ்ந்த சுரங்க வேந்தர்" என்று தொடங்கி, வேந்தருக்குரிய யானை, குதிரை நீங்கலாக அனைத்தையும் வழங்கிவிட்டுப் பட்டுத்திரையின் கயிற்றை இழுத்தார்.

திரை விலகிற்று.

பால்நிறம். உப்பிய கன்னம். கழுத்தை இறுக்கிய மேலைநாட்டு மேலங்கி. சலவைக்குப் போட்டு எடுத்த துணி போன்ற நெற்றி. அதில் தழும்பும் இல்லை, சுருக்கமும் இல்லை, அவர் வாழ்ந்த சுவடு எதுவுமே இல்லை. இறந்தவர்க்கு உடன்பிறந்தாள் ஒப்பாரி எடுத்தால்தான் மற்றப் பெண்டிர் தொடருவர் என்பது முறை. எல்லாக் கண்களும் பொன்னாத்தாளை நோக்கின. அவளோ கையைப் புருவத்துக்கு மேல் குவித்துப் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"ஏந்தம்பி செங்கோட்டையா, இதாரு?"

"அண்ணனுங்க அக்கா."

"எந்த அண்ணன்? புதுமாப்பிள்ளையாட்டம் இருக்கறாரு. இவருக்கும் எனக்கும் என்ன ஒறவு, நான் அழறதுக்கு?"

முந்தானைகளுக்குள் சிரிப்பு நெளிந்தது. "அழுங்கக்கா, பெரியவங்க எல்லாம் வந்திருக்கறாங்கல்லோ" என்று செங்கோட்டையனார் பல்லைக் கடித்தார்.

"ஊருபேரு தெரியாதவருக்கு அழுது எனக்குப் பழக்கமில்லை சாமி. எந்தம்பியக் கொண்டாந்து வெய்யி, அழறேன்."

ரங்கம்மாளுக்கோ சிரிப்பு வரவில்லை. எரிந்த உடலின் சாம்பலைப் பேரூர் ஆற்றில் கரைத்தாயிற்று. அட்டை குப்பையில் போயிற்று. இனி எஞ்சியிருப்பது இந்த ஒரு முகம். நாளை தன் பேரப்பிள்ளைகள் மாமன் யாரென்று கேட்டால், மண்ணைத் தொட்டறியாத இப்பொம்மையைத்தான் காட்ட வேண்டும். முப்பதாண்டாக உருமாலைத் தள்ளித் தள்ளி வென்றவரை, தள்ளக் கையில்லாத வேளை பார்த்து வீழ்த்திவிட்டார்கள் என்ற எண்ணம் நெஞ்சைக் கவ்வ, அவள் எழுந்தாள்.

படத்தின் முன்னே ஆளுயரக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பலகணி வழியே புகுந்த ஆடிக் காற்று சுடரைச் சாய்த்துச் சாய்த்து அதன் பித்தளைத் தண்டைக் கரியாக்கி வைத்திருந்தது. ரங்கம்மாள் அக்கரியை விரலால் வழித்தாள். படத்தின் மேலிருந்த கண்ணாடியில், இடப்புருவத்தருகே கோடிழுக்கத் தொடங்கினாள்.

"ஏ அம்மணி! என்ன பண்றே? கையெடு!" என்று செங்கோட்டையனார் குரல் உயர்ந்தது.

அப்போது ஆடவர் வரிசையின் கடைக்கோடியிலிருந்து வேறொரு குரல் தயங்கி எழுந்தது. படத்தைப் பெரிதாக்கி வண்ணம் தீட்டிய ஓவியர் அப்துல் மஜீத் அவர். தம் கைத்திறனைப் பாராட்டுவார்கள் என்று நம்பி, வெளுத்த சட்டையில் வந்து அமர்ந்திருந்தவர்.

"ஒரு விரக்கடை மேலீங்க அம்மணி. புருவத்துல பொறப்பட்டு நெத்திக்கு ஏறோணும். நாலு நாள் ஒக்காந்து அழிச்சவனுங்க நானு, எடம் எனக்குத் தெரியாதுங்களா?"

ரங்கம்மாள் விரலை மேலேற்றினாள். கோடு தன் இடத்தில் போய் அமர்ந்தது. பால்நிறமும் மேலங்கியும் அப்படியே இருக்க, அந்த ஒற்றைக் கரிக்கோட்டின் அடியிலிருந்து, ஆடுபுலியாட்டத்தில் பிடிபட்ட பொங்கியண்ணன் கூடத்தாரைப் பார்த்தார்.

"தொடைச்சுப்போடு அதை!" என்றார் செங்கோட்டையனார்.

"தொடைச்சா மறுக்காப் போடுவேனுங்க மாமா" என்றாள் ரங்கம்மாள், விரலைத் தாழ்த்தாமலே. "வெளக்கு எரியற வரைக்கும் கரிக்கென்னங்க பஞ்சம்?"

"வந்துட்டயா சாமீ!" என்று பொன்னாத்தாள் நெஞ்சிலடித்துக்கொண்டு எழுந்தாள். "பகலறியாக் குழிக்குள்ள பந்தமேத்திப் போனவனே" என்று அவள் எடுத்த ஒப்பாரி, அணை உடைந்த நீர்போல் பெண்டிர் வரிசை முழுதும் பரவி, படத்தைச் சூழ்ந்து, பளிங்குச் சுவரெங்கும் மோதி எதிரொலித்தது. கைக்குட்டையோடு கண்ணாடியை நோக்கி வந்த செங்கோட்டையனார், மார்பிலடித்து நின்ற தமக்கையரையும் தங்கையரையும் தாண்ட வழியின்றித் திகைத்தார். சுந்தரராஜுலு, வேந்தருக்கென எழுதிவந்த எஞ்சிய ஆறு தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஊர்தியைத் தேடிப் புறப்பட்டார்.

அன்று மாலையே அக்கோடு துடைக்கப்பட்டது. அடுத்த அமாவாசைக்கு விளக்கேற்ற வந்த ரங்கம்மாள் மறுபடி தீட்டினாள். துடைத்தார்கள், தீட்டினாள். ஆலையில் முறைவேலை முடித்து, நெரிசலில் பேருந்தின் கம்பியைப் பற்றித் தொங்கிக்கொண்டு வந்தும் தீட்டினாள். ஓராண்டு நிரம்புமுன் ஓர் அமாவாசையன்று அவள் வந்து பார்த்தபோது, சென்ற முறை இட்ட கோடு இட்டபடியே இருந்தது. பணியாள் துடைக்க மறந்தானோ மறுத்தானோ அறியோம்; செங்கோட்டையனார் அதைப்பற்றிக் கேட்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இன்றும் அக்கூடத்துக்கு வரும் பெருமக்கள் பளிங்கைப் பார்ப்பார்கள், தூண்களை எண்ணுவார்கள், பின்பு படத்தருகே வந்ததும் குனிந்து, "நெத்தியில என்னங்க அது?" என்று கேட்பார்கள். அம்மாளிகையில் மெய்யான விடையுள்ள கேள்வி அது ஒன்றே. மண்ணுக்குள் இறங்கி உழைத்தவன் முகத்தில் மண் எழுதியதை, மாளிகைகள் மூடலாம்; ஒரு விளக்கும் ஒரு விரலும் இருக்கும்வரை, அழிக்க இயலாது.