பதினேழாம் எண் வீட்டின் நிறம்

ஹால் ரும்மீன் ஊரில் நேனு ஷிக்லூனாவின் வீட்டுக்குப் பச்சோந்திக் குஞ்சு வந்த ஐந்தாம் நாள், ஜூலைக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு அந்த வீட்டின் முகப்புச் சுவர் கறுத்தது. காற்றில்லாத நாள். ரொட்டி வண்டி எட்டரைக்கே வந்து போயிருந்தது. எதிர்வீட்டு ஸ்டீனா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது துணியை மாட்டும்போது சுவர் தேன் நிறத்தில் இருந்தது, நான்காவதை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் கறுப்பாக இருந்தது என்று பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் வார்த்தை மாறாமல் சொன்னாள். கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவர் உளியால் ஒரு சில்லைப் பெயர்த்துப் பார்த்தார். கல் உள்ளேயும் கறுப்புதான். "புகையுமில்ல, பாசியுமில்ல. கல்லே இப்படி ஆயிடுச்சு, நான் என்ன பண்ண?" என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விட்டார்.

நேனுவின் மனைவி சென்சா மட்டும் வெளியே வந்து பார்க்கவில்லை. அவள் அடுப்பில் இரண்டு பானைகள் இருந்தன. இரண்டிலும் ஒரே முயல். பாதி இதில், பாதி அதில். ஊரில் இருந்த இரண்டு வாத்தியச் சங்கங்களில், நேனு நீலச் சங்கத்து பேண்டில் பெரிய முரசு அடிப்பவன். அதே வீட்டில் இருந்த அவன் தம்பி ஸெப்பி சிவப்புச் சங்கத்தில் கிளாரினெட் ஊதுபவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஒன்பது வருஷத்துக்கு முன் திருவிழாவில் எந்தச் சங்கத்துக் கொடிக்கம்பம் முதலில் தெருமுனையைத் திரும்புவது என்பதில் வந்த சண்டைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஒரு பானையில் சாப்பிடுவதுமில்லை. நேனுவுக்குப் பன்னிரண்டு மணிக்கு, ஸெப்பிக்கு ஒரு மணிக்கு. நீலச் சீருடை தனியாகத் துவைக்க வேண்டும், சிவப்புச் சீருடை தனியாக. ஒருவன் முன்னறையிலும் மற்றவன் அடுத்த அறையிலும் உட்கார்ந்திருப்பார்கள். "சென்சா, கிணத்து உருளை சத்தம் போடுதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்பான் ஒருவன். "சென்சா, காது எனக்கும் இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு" என்பான் மற்றவன். அவள் கரண்டியோடு போய் இரண்டையும் சொல்லிவிட்டு வருவாள். ஒன்பது வருஷம். அவளுக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அடுப்புக்குப் பின்னால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு ரொம்ப நாளாகவே இருந்தது. அடுப்பங்கரை என்றால் புகை பிடிக்கத்தானே செய்யும் என்று அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

பச்சோந்தியை நேனுதான் கொண்டுவந்தான். பள்ளத்தாக்கில் குருவி வலை கட்டப் போனவன், கரோப் மரத்தின் தாழ்ந்த கிளையில் விரல் நீளத்துக்கு அது ஊர்ந்துகொண்டிருப்பதைக் கண்டு, அடுப்பங்கரை ஈக்களைத் தின்னட்டுமே என்று தொப்பிக்குள் போட்டுக்கொண்டு வந்தான். நம்மூரில் பச்சோந்தி வைத்திருக்காத வீடு அந்தக் காலத்தில் கிடையாது, அதை ஒழுங்காக வளர்க்கத் தெரிந்த வீடும் கிடையாது. செத்துப்போன பாட்டுக் குருவியின் கூண்டில் அதைப் போட்டான். குருவிக்கு வைத்த சின்னக் கண்ணாடியை எடுக்கவில்லை. குஞ்சு கண்ணாடியில் இன்னொரு பச்சோந்தியைப் பார்த்துப் பார்த்து, எந்நேரமும் வாயைப் பிளந்தபடி நின்றது. கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போதாததற்கு நேனு நீலத் துணியை விரித்து அதன்மேல் அதை விட்டான். அவன் வெளியே போன நேரம் பார்த்து ஸெப்பி சிவப்புத் துணியை விரித்தான். "நீலத்துல எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு கேட்டுச் சொல்லு சென்சா" என்பான் நேனு. "பச்சோந்திக்கே புத்தி வந்து கட்சி மாறிடுச்சுன்னு சொல்லு சென்சா" என்பான் ஸெப்பி. அது நீலமாகவும் ஆகவில்லை, சிவப்பாகவும் ஆகவில்லை. முதல் நாள் பழுப்பு, மூன்றாம் நாள் கரும்பழுப்பு, ஐந்தாம் நாள் அடுப்புக்கரி. அதோடு சேர்ந்து சுவரும் கறுத்தது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஸெப்பி கூண்டின் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னான், வெளியே நின்றவர்கள் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். வெயில் பட்டு முதுகில் ஒரு கோடு லேசாகத் தெளிந்தால் சுவரிலும் கோடு தெளிந்தது. யாராவது தும்மினால் இரண்டும் ஒன்றாக இருண்டன. மறுநாள் கறுப்பு பதினைந்தாம் எண்ணுக்கும் பத்தொன்பதாம் எண்ணுக்கும் பரவியது. வெள்ளிக்கிழமைக்குள் தெரு முழுக்கக் கறுத்துச் சதுக்கத்தைத் தொட்டது. திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. கோயிலுக்குள் தங்கச் சரிகைப் பட்டு தொங்கவிட்டாகிவிட்டது. வெளியே கறுத்த தெருவில் ஊர்க் காவலரான லவ்ரென்ஸ் புனிதரின் சிலையைச் சுமந்து போக முடியுமா? மூன்று வருஷம் முன்பு பக்கத்து ஊர்க்காரர்கள் நம் மணியோசையைக் கேலி செய்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை.

பச்சோந்தியை உற்சாகப்படுத்தினால் சரியாகிவிடும் என்று நீலச் சங்கத்தார் முடிவு செய்தார்கள். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது. நாற்பது பேர் சீருடையில் வந்து பால்கனிக்குக் கீழே நின்று அணிவகுப்பு மெட்டை மூன்று முறை வாசித்தார்கள். அவர்கள் செய்தபின் சிவப்புச் சங்கத்தார் சும்மா இருப்பார்களா? மறுநாள் நாற்பத்திரண்டு பேரோடு வந்து நான்கு முறை வாசித்தார்கள். வயலில் இருந்த வெடிக்கொட்டகையிலிருந்து சோதனைக்கென்று பகலிலேயே அதிர்வேட்டு போட்டார்கள். பங்குச்சாமி தீர்த்தம் தெளிக்க வந்தார். குஞ்சு அவரைப் பார்த்துச் சீறியது. வந்தவர்களுக்கெல்லாம் சென்சா காப்பி போட்டாள். சனிக்கிழமை மத்தியானம் கோயிலின் முதல் படி கறுத்தது.

அன்று சென்சா முதல் தடவையாகக் கூண்டுக்குள் சரியாகப் பார்த்தாள். ஒன்பது நாளாக அது ஒன்றும் தின்றிருக்கவில்லை. கோபுரம் கோபுரமாகத் துருத்தியிருந்த கண்கள் உள்ளே போயிருந்தன. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கொத்தனார் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "அது செத்துச்சுன்னா கல்லு இப்படியே நின்னுடும்." ஊருக்கு அந்தப் பயம். சென்சாவுக்குக் கல்லைப் பற்றிக் கவலையில்லை. இத்தனை பேர் ஆளுக்கொன்றை எதிர்பார்த்துக்கொண்டு நடுவில் நிறுத்தினால் யார்தான் கறுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கூண்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். கண்ணாடியைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள். குஞ்சை எலுமிச்சை மரத்தில், வெயிலும் இலை மறைவும் சரிபாதியாக இருந்த ஓர் உயரமான கிளையில் ஏற்றிவிட்டாள். இலைகளின்மேல் விரலால் தண்ணீர் தெளித்தாள். பிறகு மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உப்பிட்டுக் காயவைக்க வேண்டிய தக்காளிகளைப் பிளக்க ஆரம்பித்தாள். இரண்டு கூடை முடிந்தது. முதுகுக்குப் பின்னால் மெல்ல ஒரு சத்தம். அவள் திரும்பவில்லை. குஞ்சு இலையில் இருந்த சொட்டுகளை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது. சென்சா தக்காளிக் கையோடு அழுதாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் வாசலுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது, முன்னால் சென்சா துடைப்பத்தோடு நின்றாள். "யாரும் பாக்க வேணாம். யாரும் வாசிக்க வேணாம். அதுகிட்ட யாருக்கும் ஒரு வேலையும் இல்ல, போங்க." நீலச் சங்கத் தலைவர், "நாங்க நல்லதுக்குத்தானே சென்சா…" என்று இழுத்தார். "உங்க நல்லதுதான் அதைக் கொல்லுது." ஸ்டீனாவைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, பெண்கள் யாரும் நுழைந்திராத இரண்டு சங்கத்து மதுக்கடைகளுக்குள்ளும் அடுப்பங்கரை ஏப்ரனோடு நுழைந்து, இந்த வருஷம் அதிர்வேட்டு கிடையாது, பேண்டு கிடையாது, மணி கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, இரண்டு சங்கமும் ஒத்துக்கொண்டன.

அந்த வருஷத் திருவிழாவை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாவில் கோணி சுற்றிய மணிகள் சத்தமில்லாமல் ஆடின. எண்பத்திரண்டு பேர் வாத்தியத்தை உதட்டில் வைத்து, ஊதாமல், தாளம் தப்பாமல் நடந்தார்கள். நேனு முரசுக்கு ஒரு விரல் தள்ளியே கோலை நிறுத்தினான். புனிதரைச் சுமந்தவர்கள் வெறும் காலுறையோடு நடந்தார்கள். பதினேழாம் எண் வீட்டைத் தாண்டும்போது கைக்குழந்தைகள்கூட அழவில்லை. மாலை ஐந்தே முக்காலுக்குக் குஞ்சு நாக்கை நீட்டி ஓர் ஈயைப் பிடித்தது; பிறகு இன்னொன்றை. ஆறு மணிக்குத் தெரு பச்சையாகத் தொடங்கி, ஆறேகாலுக்குக் கோயில் படிவரை இலைப் பச்சையாக நின்றது. நீலமும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் போனதில் இரண்டு சங்கத்தாருக்கும் ஒரே அளவு நிம்மதி. ஒரு வாரத்தில் பச்சையும் வடிந்து கல் தன் பழைய தேன் நிறத்துக்கு வந்தது.

அடுப்புக்குப் பின்னால் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. போகாததோடு, உத்தரம்வரை ஏறியிருந்தது. நேனு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தான், காயுமுன்னே கறுத்தது. முற்றத்தில் பச்சோந்தி கொழுகொழுவென்று பச்சையாக இருந்தது. அதன்மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் சென்சா ஈரல் வலியில் கிடந்த அக்காவைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போனாள். ஒரு மணிச் சாப்பாட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள வந்த ஸெப்பி, சுவர் பழுப்பாகியிருப்பதைக் கண்டான். நான்கரை பஸ்ஸில் அவள் திரும்பிவந்து, பையை வைத்து, ராத்திரிச் சமையலுக்கு இரண்டு பானைகளையும் எடுத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் கறுத்தது. கழுவ எடுத்துவந்த தட்டைக் கையில் வைத்தபடியே அவன் முன்னறைக்குப் போனான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் நேராகப் பேசினான்.

"அது பச்சோந்தி இல்லடா."

நேனு செய்தித்தாளை இறக்கவில்லை. "பின்ன?"

"சென்சா."

நேனு எழுந்து வந்தான். அடுப்பங்கரை வாசலில் இருவரும் தோளோடு தோள் நின்று பார்த்தார்கள். சென்சா அவர்கள் பக்கம் முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நாளா இருக்கு இது?" என்று நேனு கேட்டான். உள்ளங்கை அகலக் கறுப்பு, தாங்கள் பேச்சை நிறுத்திய பிறகு வந்தது என்று இருவருக்கும் தெரியும். அவமானத்தில் நேனுவின் காது சிவந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை ஊருக்கே அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவள் கையிலிருந்து கத்தியை வாங்கினார்கள். கட்டிலை முற்றத்தைப் பார்த்த அறைக்கு நகர்த்தி, பாதி வெயில் பாதி நிழல் விழும்படி போட்டார்கள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் வைத்தார்கள். "எனக்கென்ன நோவா? அடுப்புல வெங்காயம்…" என்றாள் சென்சா. "வெங்காயம் கிடக்கட்டும்," என்றான் நேனு. அவள் படுத்தாள். படுத்தவள் பதினோரு நாள் எழுந்திருக்கவில்லை. வாசலில் நேனு துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தான். அக்கறையாக விசாரிக்க வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினான். பங்குச்சாமியிடம்கூட, "நல்லது பண்ணாதீங்க சாமி, போயிட்டு வாங்க," என்றான். உள்ளே ஸெப்பி மக்ரோனி சமைத்தான், ஒரே பானையில். அடி பிடித்துவிட்டது. அண்ணனும் தம்பியும் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த நேரம் அது, கரண்டியால் சுரண்டித் தின்றார்கள். ஆகஸ்டில் போடாமல் வைத்திருந்த அதிர்வேட்டுகளைச் சங்கத்தார் யாரும் சொல்லாமலேயே இன்னும் பூட்டி வைத்தார்கள்.

பச்சோந்திகள் நிம்மதியாகத் தூங்கும்போது வெளிறிவிடும், பாலில் ஒரு சொட்டுப் பச்சை கலந்த மாதிரி. பன்னிரண்டாம் நாள் காலை அடுப்பங்கரைச் சுவர் அந்த நிறத்தில் இருந்தது. நேனு உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தான். பிறகு காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். சென்சா எழுந்து வந்து வாசலில் நின்றபோது மணி பதினொன்று. "பசிக்குதா?" என்று கேட்டான். "ஒண்ணும் கேக்காத," என்றாள். அவன் இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை.

பச்சோந்தி நான்கு வருஷம் எலுமிச்சை மரத்தில் இருந்து வயதாகிச் செத்தது. அதிர்வேட்டுகள் அடுத்த வருஷமே பழையபடி வெடித்தன. சங்கங்கள் எந்தக் கம்பம் முதலில் திரும்புவது என்று இன்னும் சண்டை போடுகின்றன. பதினேழாம் எண் வீட்டில் ஒரு பானைதான். அந்தத் தெருவில் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை ஏதாவது ஒரு வீட்டுச் சுவர் கறுக்கிறது. பல நேரம் அடுப்புக்குப் பின்னால்தான் ஆரம்பிக்கும். இப்போதெல்லாம் கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை. அண்டை வீட்டார் வாசற்படியில் ஒரு கூஜா தண்ணீர் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுகிறார்கள்.