அலமாரிக்குப் பின்னால்

ஓமனச் சேச்சி வீட்டில் நான் குடியிருப்பது எல்லோருக்கும் தெரியும். வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்தான் தெரியாது. ஷார்ஜாவில் என்னைப் போல எத்தனையோ பேர். ஹாலின் ஓரத்தில் ஒரு பிளைவுட் தடுப்பு, உள்ளே ஒரு கட்டில், அவ்வளவுதான் என் வீடு. ஜன்னல் கிடையாது. தடுப்புக்கு மேலே விட்டிருந்த ஒரு சாண் இடைவெளியில் ஹாலின் ஏசிக் காற்று வரும்.

உள்வாடகைக்கு ஆள் வைத்தது தெரிந்தால் சேச்சியின் குடும்பத்தையே காலி செய்துவிடுவார்கள். அதனால் நகராட்சியிலிருந்து சோதனைக்கு ஆள் வந்தால் துணி அலமாரியைத் தள்ளி என் கதவை மறைப்பது என்று ஏற்பாடு. அலமாரிக்கு அடியில் பழைய கம்பளம் கிடந்ததால் சுலபமாக வழுக்கும். ஒத்திகை பார்த்த அன்று, "மீனை ஃப்ரீசர்ல வைக்கிற மாதிரி இருக்குடி பின்ஸி" என்று சேச்சி சிரித்தாள். கொழுப்பைப் பாருங்கள், நானும் சிரித்தேன்.

அந்த ஆகஸ்ட் மதியம், ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். சேச்சியின் புருஷன் லாரியோடு மஸ்கட் போயிருந்தார். கீழே வாட்ச்மேன் குல்சமான் போனில் எச்சரித்ததும் சேச்சி ஓடிவந்தாள்.

"வந்துட்டாங்கடி. மூச்சு விடாத."

அலமாரி இந்த முறை வழுக்கவில்லை. பாதியில் கம்பளம் நழுவிவிட்டது போல, தரையைக் கீறிக்கொண்டு வந்து கதவில் இடித்து நின்றது. சேச்சி ஒற்றை ஆளாக இதை எப்படித் திருப்பித் தள்ளுவாள் என்று அப்போதே யோசித்தேன்.

அதிகாரி உள்ளே வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"நாலு பேர் சார். நானு, புருஷன், ரெண்டு பிள்ளைங்க" என்றாள் சேச்சி. குரலில் கொஞ்சமும் பிசிறில்லை.

அதோடு போயிருப்பார்கள். ஆனால் கீழ்த்தளத்தில் யாரோ திருட்டுத்தனமாக இழுத்திருந்த வயர் கருகிக் கிடந்ததாம். கட்டடம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தப் போகிறோம், எல்லோரும் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள் என்றார் அதிகாரி. சேச்சி துணி எடுக்க வேண்டும், பால் எடுக்க வேண்டும் என்று ஏதேதோ சொல்லி இழுத்துப் பார்த்தாள். அவர் அசையவில்லை. பிள்ளைகளின் செருப்புச் சத்தம் வெளியே போனது. சாவி திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றது.

சேச்சி ஏதாவது சாக்குச் சொல்லி வந்துவிடுவாள் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெயிலுக்காக ஹாலின் கனத்த திரைகளை இழுத்து மூடியிருந்ததால், இருட்டில் என் கையே எனக்குத் தெரியவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. கதவைத் தோளால் முட்டினேன். கால்களாலும் உதைத்தேன். அலமாரி கல்லாக நின்றது. அப்புறம் வெட்கத்தை விட்டுக் கத்தினேன். கேட்க அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் இல்லை. இங்கேயே செத்துப்போவேன், வாடை வந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தபோது பல் கிட்டியது.

ஹாலில் என் போன் அடித்தது. என் அறையில் பிளக் இல்லாததால் எப்போதும் அங்கேதான் சார்ஜில் கிடக்கும். சேச்சிதான் கூப்பிடுகிறாள். பயப்படாதே என்று சொல்லத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்க முடியாத இடத்தில் நான் இருக்கிறேன் என்பது அவளுக்கு எப்போது உறைக்கும்? மூன்றாம் முறை பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் எனக்கு அழக்கூட வரவில்லை. தலை சுற்றியது. தரையில் படுத்து, கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் போனதோ, வாசலில் சாவி சத்தம், தடதடவென்று கால்கள்.

"சார், அந்தப் பக்கம் பிடிங்க. உள்ள ஆள் இருக்கு சார், சீக்கிரம்."

அலமாரி கீறிக்கொண்டு விலகியது. சேச்சி என் தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டினாள். பாதி கழுத்தில் கொட்டியது. அதிகாரி என் கட்டிலையும் ஆணியில் தொங்கிய நர்ஸ் உடையையும் பார்த்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று மறுபடி கேட்டார்.

"அஞ்சு பேர் சார்" என்றாள் சேச்சி. இந்த முறை அவள் குரல் நடுங்கியது.