தையலுக்கு ரெண்டு இஞ்ச்

"நல்லா அழுத்தி உக்காருங்க. நீங்க ஆடுனா ரம்பமும் ஆடுது" என்றாள் சண்முகவள்ளி.

பொன்னழகு ஸ்டூலின் மேல் கிடந்த மரச் சட்டத்தில் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவருக்கு அன்று ஒருநாள்தான் வீடு.

ஜாக்கெட் அளவு கொடுக்க வரும் பெண்களோடு கூடவே வரும் பிள்ளைகள் நூல்கண்டுகளை உருட்டி விளையாடுகின்றன, மீனைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும் என்று சண்முகவள்ளி ஒரு பழைய மீன் தொட்டி வாங்கியிருந்தாள். அதற்கு ஸ்டாண்டும் தானே செய்தாள். போனில் வீடியோ பார்த்து, வத்தலக்குண்டு ரோட்டு மரக்கடையில் சட்டம் வாங்கி, நாலு நாள் வேலை. முடித்துத் தூக்கி வைத்தபோது முன்னறைக் கதவைச் சாத்த முடியவில்லை. சுவருக்கும் கதவு நிலைக்கும் நடுவில் முப்பது இஞ்ச். ஸ்டாண்டு முப்பத்திரண்டு.

"இஞ்ச் டேப்பு கழுத்துலயே தொங்குது. அப்புறம் எப்படி தப்பாச்சு?"

"தப்பெல்லாம் ஆகல. தையலுக்கு ரெண்டு இஞ்ச் விட்டுட்டேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "இருவது வருசக் கை. துணின்னா உள்ள மடிச்சுப் பிடிச்சிரலாம். மரத்த எங்கிட்டு மடிக்கிறது?"

திரும்பவும் கழற்றியாயிற்று. நீளச் சட்டங்கள் நாலில் மூன்றை வெட்டியாகிவிட்டது. நாலாவதில் சாக்பீஸ் கோடு போட்டு ரம்பத்தை வைத்தாள். பாதி தூரம் இறங்கியிருக்கும். நின்றது.

"என்னமோ கிறுகிறுங்குது. செத்த தண்ணி கொண்டாங்க."

அவர் சமையலறைக்குப் போய்ச் செம்பில் மொண்டு வந்தார். அவள் சட்டத்தின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். வெட்டு நேராக இறங்குகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தார். செம்பை நீட்டியபடி நின்றார்.

"வள்ளி, தண்ணி."

பக்கத்து வீட்டு ஜோஸ்பின்தான் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் இளம் வயதுக்காரர். வரும்போதே உயிர் இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னார். பொன்னழகு இரண்டு தடவையும், "சரிங்க சார்" என்றார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் தமிழ்நிலாவுக்கு அவரே போன் செய்தார். "அம்மாவுக்கு உடம்பு முடியல. கிளம்பி வா" என்பதற்கு மேல் வாய் வரவில்லை.

மதியத்துக்குள் தெருவில் சாமியானா போட்டுவிட்டார்கள். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் முன்னறையைப் பார்த்து, "இந்தக் கட்டையெல்லாம் எடுத்தாத்தான் பொட்டி உள்ள போகும்" என்றார். யாரோ அள்ளிக்கொண்டு போய் வெளியே போட்டார்கள். தொட்டியை ஜோஸ்பின் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

பொன்னழகுவை வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் கையைப் பிடித்தார்கள். அவர் கையைக் கொடுத்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மாலையோடு வருபவர்களுக்குச் செருப்பை எங்கே விடலாம் என்றுகூடச் சொன்னார். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அதே குரல்.

அப்போதுதான் அதைப் பார்த்தார். சாமியானாக் கம்பு ஒன்று ஆடுகிறது என்று அதன் அடியில் இரண்டு சட்டங்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். எழுந்து போய் இரண்டையும் உருவினார். பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்தது. கீழே இருந்த பெண்கள் விலகினார்கள்.

"அண்ணே, கல்லு வச்சுக்கங்க. இது அளவு பாத்து வெட்டுனது" என்றார் பந்தல்காரரிடம்.

மற்ற கட்டைகளையும் பொறுக்கி ஒன்றாக அடுக்கினார். பாதி வெட்டிய சட்டம் சாக்கடை ஓரம் கிடந்தது. துண்டால் துடைத்தார். உள்ளே போய் ரம்பத்தை எடுத்து வந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் சட்டத்தை வைத்து அறுக்கத் தொடங்கினார். பேச்சுச் சத்தம் அடங்கிப் போயிற்று.

கன்னிவாடியிலிருந்து வந்திருந்த சண்முகவள்ளியின் அண்ணன் தங்கமுத்து வேகமாக வந்தார்.

"மாப்ள, என்ன இது? சனம் பூராம் பாக்குது."

"பாதியில நிக்குது மச்சான்."

"நிக்கட்டும். இப்ப இதுவா முக்கியம்?"

"கோடு போட்டு வச்சிருக்கா."

தங்கமுத்து ரம்பத்தைப் பிடுங்கப் போனவர், அவர் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். சட்டம் நழுவி நழுவி ஓடியது. தங்கமுத்து வேட்டியை மடித்துக்கொண்டு, அதன் மறுமுனையில் தன் முழங்காலை வைத்து அழுத்தினார். ரம்பம் அவள் விட்ட பள்ளத்திலேயே இறங்கியது. இரண்டு இஞ்ச் துண்டு தரையில் விழுந்தது.

நிமிர்ந்தபோது தெருமுனையில் தமிழ்நிலா நின்றாள். தோளில் பை. சாமியானாவைப் பார்த்தாள். மரத்தூள் படிந்த கைகளோடு நிற்கும் அப்பாவைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தாள்.

"அம்மா எங்கப்பா?"

"வந்துட்டியா" என்றார் பொன்னழகு. "சாப்டியா?"

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். உள்ளேயிருந்து எழுந்த அலறலைக் கேட்டபோதும் அவர் ரம்பத்தின் பல்லில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். தங்கமுத்துதான் அதை வாங்கி வைத்துவிட்டு அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார்.

மகன் இல்லாததால் அவரே கொள்ளி வைத்தார். தலையையும் மீசையையும் மழித்த இடத்தில் மாலை வெயில் சுட்டது.

மறுநாள் பால் ஊற்றிவிட்டு வந்து குளித்ததும், தங்கமுத்துவும் அவருமாகச் சட்டங்களைச் சேர்த்துத் திருகாணிகளை முடுக்கினார்கள். சுவர் ஓரம் வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தார் தங்கமுத்து. இடிக்காமல் மூடியது. மதியத்துக்கு மேல் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் கண்ணசந்தார்கள். பந்தலைப் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். பொன்னழகு வாசல்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

சின்னாளபட்டிப் பக்கம் இருந்து எப்போதாவது வரும் ஒரு பெண் துணிப்பையோடு வந்து நின்றாள். வெயிலுக்குத் தலையில் முந்தானை போட்டிருந்தாள். அவர் தலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பழனிக்குப் போயிட்டு வந்தீங்களாண்ணே? அக்காவும் வந்துச்சா?"

அவர் தலையை ஆட்டினார்.

"மிஷின் சத்தத்தக் காணோம், தூங்குதாக்கும். எழுப்ப வேணாம். மூணு ஜாக்கெட் பிட்டு இருக்கு, அளவு ஜாக்கெட்டும் உள்ளயே வச்சிருக்கேன். கை மட்டும் போன தடவ கொஞ்சம் இறுக்கமாப் போச்சு, சொல்லிருங்க. வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்கிறேன்."

"சரிம்மா."

அவள் போன பிறகு, முகம் வீங்கிய தமிழ்நிலா கதவைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"யாருப்பா வந்தது?"

பொன்னழகு பையை மடியில் வைத்து, அதன் காதுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம வேணுமாம்" என்றார்.