உப்பில்லாக் கஞ்சி

பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் பதினோரு வருடமாக நான் உயிரியல் நடத்துகிறேன். செல்லுக்குள் புரதம் எப்படி உருவாகிறது, எப்படி மடிகிறது, எந்தப் பையில் ஏறிச் செல்லின் ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று கரும்பலகை முழுக்க அம்புக்குறி போட்டுக் கிழித்தவன். படம் வரைவதில் என்னை அடிக்க ஆளில்லை. பெற்ற மகளைப் பார்க்கத்தான் கண் இல்லாமல் போயிற்று.

சோனாவுக்கு ஐந்து வயது. எந்நேரமும் இருமல். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அவளை முத்தமிடும்போதெல்லாம் என் மனைவி ஜீனா சொல்வாள்: "பிள்ளைக்க கன்னம் உப்புக் கரிக்குது, பாத்தீங்களா?"

எங்கள் வீடு பொழியூரில், கடலை ஒட்டி. "கடல்காத்தாக்கும். இங்க ஆருக்குக் கரிக்கல்ல?" என்று சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். உடம்பில் உப்பு கூடிப்போய்த்தான் வேர்வையில் வருகிறது, இனி கஞ்சிக்கு உப்பு போடாதே என்று மேதாவித்தனம் வேறு காட்டினேன். சோனாவையும் மடியில் வைத்து, உப்பு கெடுதல், யார் தந்தாலும் தின்னக்கூடாது என்று படிப்பித்தேன். ஜீனாவுக்கு மனசில்லை. ஆனால் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நான் சார் அல்லவா.

ஏப்ரல் வெயிலில் பிள்ளை சுருண்டு விழுந்தாள்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேர்வையையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். செல்லின் ஓரத்தில் நின்று உப்பைக் கடத்தவும், வேர்வையில் போவதைத் திரும்ப உள்ளே எடுக்கவும் ஒரு புரதம் வேண்டும். சோனாவிடம் அது இல்லை. அதனால் உப்பெல்லாம் வேர்வையோடு போய்விடுகிறது, நெஞ்சில் சளி பசையாகிறது. ஜீனா என் தாய்மாமன் மகள். ஒரே மரபணுப் பிழை எங்கள் இருவரிடமும் ஒளிந்திருந்து பிள்ளையிடம் சேர்ந்துவிட்டது.

"மருந்து உண்டா டாக்டரே?" என்று கேட்டேன்.

"செல பிள்ளையளுக்குப் புரதம் உண்டாகும், மடிப்பு சரியில்லாம வழியில மாட்டிக்கிடும். அதைக் கொண்டு சேக்க மருந்து உண்டு. இவளுக்கு உண்டாகும்போதே பாதியில நின்னுபோவுது. கொண்டு சேக்க ஒண்ணும் இல்ல, சாரே." அவர் தாளைத் திருப்பினார். "தின்னது செரிக்க மாத்திரை தரேன். நெஞ்சத் தட்டிச் சளிய எடுக்கணும். உப்பு நெறய குடுக்கணும். கஞ்சிக்கு உப்பில்லன்னு இதில எழுதியிருக்கே, உப்பக் கொறச்சது ஆரு?"

நான் அந்தத் தாளைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"நானாக்கும்," என்றாள் ஜீனா. என்னைப் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் உப்பு போட்டுக் கஞ்சி ஊட்டினாள். சோனா ஒரு வாய் வாங்கித் துப்பினாள்.

"குடி மக்கா. அப்பா சொல்லுகேன், குடி," என்று நான் கெஞ்சினேன்.

"உப்பு கெடுதலாக்கும்," என்றாள் அவள். நான் சோதித்துப் பார்ப்பதாக நினைத்துவிட்டாள் போலும். வாயை இறுக மூடிக்கொண்டு, மெச்சுவேன் என்று என் முகத்தையே பார்த்தாள்.