நூற்றுப் பன்னிரண்டாம் மீட்டரில் மூன்று முள் ஓடுகள்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கடலடி மண் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் அறையில், 112 மீட்டர் ஆழத்து மாதிரியில் மூன்று முள் ஓடுகள் எண்ணப்பட்டன.

அவை அங்கே இருக்கக் கூடாது. கடல்தரையைத் துளைத்தெடுத்த மண்தூணில் கீழே போகப் போகக் காலம் பழையது. ஏறக்குறைய மூன்று கோடியே நாற்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி குளிர்ந்து தென் துருவத்தில் பனி கட்டியபோது, கடுகைவிடச் சிறிய, முள் வைத்த இந்த ஒற்றைச் செல் உயிர்கள் அடியோடு மறைந்தன. குளிர் தாங்கும் உருண்டை ஓட்டுக்காரர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். இந்தத் தூணில் அவை மறைந்த எல்லைக்கோடு 114ஆம் மீட்டரில் என்று சொன்னவள் மூன்றாம் அறையின் ஆய்வாளர். நான்கு வருட எண்ணிக்கை. அதைப் பற்றிய கட்டுரை ஆய்விதழுக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டும். கோட்டுக்கு மேலே முள் ஓடு இருந்தால் கட்டுரை இல்லை.

கணவனுக்குப் போன் செய்தாள். அவன் கணக்கு வாத்தியார், இடைவேளையில் இருந்தான்.

“செத்துப்போச்சுன்னு நெனச்சது உயிரோட இருந்தா நல்ல விஷயந்தானே?”

“வயித்தெரிச்சலக் கெளப்பாதீங்க. நாலு வருஷம் போச்சு.”

“மூணே மூணுதான? கண்ண மூடிக்கிட்டு…”

“வைங்க போனை.”

கழுவும் அறைக்குப் போனாள். மண் கழுவுகிறவரைக் கட்டடம் முழுக்க ‘நீலக்கை’ என்பார்கள்.

“அண்ணே, நூத்திப் பன்னெண்டுக்கு முன்னாடி அந்தச் சல்லடையில என்ன கழுவுனீங்க?”

“நூத்திப் பதினெட்டு. ஏம்மா, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?”

சொன்னாள். அவர் குழாயை மூடினார். 118இல் முள் ஓடுகள் கொட்டிக் கிடந்தது இருவருக்கும் தெரியும்.

“சாயத்துல முக்குனீங்களா?”

“முக்காம? இந்தக் கையோட கல்யாண வீட்டுப் பக்கம் வராதீங்கன்னு எம் மச்சானே சொல்லிட்டான்.”

ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் அவர் சல்லடையைத் தேய்த்துக் கழுவி நீலச் சாயத்தில் முக்குவார். கண்ணியில் பழைய ஓடு சிக்கியிருந்தால் அது நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் தலைகாட்டினால் வெளியாள் என்று தெரிந்துவிடும்.

“அப்பிடின்னா நீலமா இருக்கணுமே, அண்ணே. மூணும் சாம்பலா இருக்கு. அந்த எடத்துலயே வாழ்ந்ததுங்கதான்.”

“வாங்க, நானும் ஒரு தடவ பாத்துடுறேன்.”

மூன்றாம் அறையில் அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கவில்லை. அதன் விளக்கைப் பார்த்தார்.

“இது என்னம்மா, மஞ்சத் தாளு?”

“வெள்ள வெளிச்சத்துல தல வலிக்குது. நேத்துதான் ஒட்டுனேன்.”

“நல்ல ஆளு போங்க!” கண்ணாடித்தாளை உரித்துப் போட்டார். “மஞ்ச வெளிச்சத்துல நீலம் சாம்பலாத்தான் தெரியும். இப்பப் பாருங்க.”

பார்த்தாள். சுற்றிலும் உருண்டைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. மூன்று முள் ஓடுகள் மட்டும், சட்டைப்பையில் கசிந்து துவைத்தும் போகாத மை மாதிரி, வெளிர் நீலம். நாற்காலியில் சாய்ந்தாள். முதலில் மூச்சு வந்தது, பிறகு சிரிப்பு வந்தது.

“சல்லடைய நான் சரியாத் தேய்க்கல,” என்றார் அவர்.

“விளக்குக்கு நான் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டேன். சரியாப் போச்சு.”

“அப்ப யார்கிட்டயும் சொல்ல வேணாமா?”

“ரெண்டையும் எழுதித்தான் வைக்கணும்.”

“எழுதுங்க. புதுசா பட்டப்பேரு மட்டும் வெச்சுடாதீங்க, தாயி. இருக்கிறதே போதும்.”

எந்த மாதிரியிலும் பாதியைக் கழுவாமல் எடுத்து வைப்பது அங்கே வழக்கம். அன்று மதியம் அவர் புதுச் சல்லடை ஒன்றைப் பிரித்து, 112இன் மீதிப் பாதியைக் கழுவி உலர வைத்தார்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அவள் எண்ணி முடித்தாள். உருண்டைகள் 412. முள் ஓடுகள் இல்லை. கட்டுரை வெள்ளிக்கிழமை காலை போயிற்று.