தண்ணீரில் பத்தாவது தடவை

தேவதர்ஷினி கர்ப்பம் என்று தெரிந்த அன்றே, அவளுடைய ஆய்வு வழிகாட்டி விஜயலட்சுமி கூப்பிட்டு அனுப்பினார். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகம் அது. இரண்டு மூலக்கூறுகளை இணைத்து, ரத்த அழுத்த மாத்திரைக்கு வேண்டிய மூலப்பொருளைச் செய்வது தேவதர்ஷினியின் முனைவர் பட்ட வேலை. டி.எம்.எஃப். என்ற கரைப்பானில்தான் எல்லாவற்றையும் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆவி வயித்துல இருக்கற கொழந்தைக்கு ஆகாதும்மா. ஒரு வருஷம் லீவு போட்டுடு."

"போனா திரும்பி வருவனான்னு எனக்கே தெரியாதுங்க மேடம். நான் எதுக்கு வெளிய போவணும்? டி.எம்.எஃப். போவட்டும். நான் தண்ணியில பண்றேன்."

"தண்ணியில கரையாதே?"

"பாதிக்குப் பாதி எத்தனால் கலந்துக்கறேங்க."

விஜயலட்சுமி நாட்காட்டியைப் பார்த்தார். "மூணு மாசம் தரேன். வரலன்னா லீவு."

வினையைத் தூண்டும் பல்லேடியம் என்ற உலோகத்தின் விலை அதிகம். அதை நானோ துகள்களாக இரும்பு ஆக்சைடு தூளின்மேல் படியவைத்தாள். வேலை முடிந்ததும் குடுவையோரம் காந்தத்தை வைத்தால் தூள் ஒட்டிக்கொள்ளும். கழுவி மறுபடி போடலாம்.

முதல் தடவை நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு விளைந்தது. துள்ளிக் குதித்தாள். இரண்டாவது எழுபது. மூன்றாவது முப்பது. புதிதாகத் தூள் செய்தாலும் அதே கதிதான். பத்து வாரம் ஓடிவிட்டது.

"பல்லேடியம் கரைஞ்சி தண்ணியோட போய்க்கினு இருக்குதுக்கா. வுட்டுடு," என்றாள் ஜூனியர் தனுஷா.

அதையும் பார்த்துவிடலாம் என்று, செத்துப்போன தூளை உலர்த்தி எடை போட்டாள். கரைந்திருந்தால் குறைய வேண்டும். மூன்று முறை வைத்துப் பார்த்தும் தராசு கூடுதலாகவே காட்டியது.

"தனுஷா, இங்க வா! எடை ஜாஸ்தியா இருக்குது!"

"அதுக்கு இன்னாக்கா அர்த்தம்?"

"பல்லேடியம் போவல. மேல இன்னாவோ அப்பிக்கினு மூடியிருக்குது. நாம பச்சத்தண்ணியில கழுவுறமே, அதுல போவல."

இந்தத் தடவை வெதுவெதுப்பான எத்தனாலில் கழுவினாள். கழுவிய எத்தனாலை வற்றவிட்டபோது, தட்டில் வெள்ளைப் படிகங்கள் மின்னின. தூளை மூடியிருந்தது அவள் செய்த விளைபொருளேதான். அதே தூளை மறுபடி போட்டாள். தொண்ணூற்றொன்று!

அப்புறம் நிற்கவே இல்லை. பத்தாவது தடவைக்கு விஜயலட்சுமியே பக்கத்தில் வந்து நின்றார். அப்போதும் தொண்ணூறு. அவர் எண்ணை இரண்டு முறை படித்தார். பிறகு ஆய்வகத்தில் இருந்த எல்லோரையும் திரும்பிப் பார்த்து, "நாளையிலேருந்து எல்லாரும் இவ முறையிலதான் பண்ணிப் பாக்கணும். டி.எம்.எஃப். பாட்டிலையெல்லாம் உள்ள வெச்சிப் பூட்டுங்க," என்றார்.

தேவதர்ஷினி கணவனை ஸ்பீக்கர் போனில் கூப்பிட்டாள். பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோவோடு நின்றிருந்தான் கலையரசன்.

"பத்தாவதும் வந்துடுச்சுங்க!"

"பத்தாவதா? இப்பதான ஆறாவது மாசம்!"

தனுஷா விழுந்து விழுந்து சிரித்தாள். சொல்லி முடிக்க முடியாமல் தேவதர்ஷினிக்கும் சிரிப்பு பொங்கி வந்தது.