தராசு சார் மீட்டர் வாங்கப் போனார்

அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் காய்கறிக் கடைக்காரர்கள் அவசர அவசரமாகத் தராசுத் தட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். துடைக்காத தட்டைவிடத் துடைத்த தட்டின் மேல்தான் அவருக்குச் சந்தேகம் அதிகம் என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். கையில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் அரசு முத்திரை போட்ட இரும்புப் படிக்கற்கள். கல்லைத் தட்டில் வைப்பார். முள் சரியாக நின்றால் தராசு யோக்கியம், நிற்காவிட்டால் தராசு திருட்டுப்பயல். நடுவில் மூன்றாவது என்று ஒன்று கிடையாது. ஊரெல்லாம் அவருக்குத் தராசு சார் என்று பெயர். வீட்டில் மனைவிக்கு மட்டும் அவர் "என்னங்க". கோபம் வந்தால் அவளுக்கும் தராசு சார்தான்.

சில வாரங்களாக அவள் கோபத்தில்கூட அப்படிக் கூப்பிடவில்லை. ஒன்றுமே கூப்பிடவில்லை. தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். திட்டுகிற மனைவியைச் சமாளித்துவிடலாம். பேசாத மனைவியை எந்தக் கல்லை வைத்து அளப்பது?

காரணம் அவருடைய மோட்டார் சைக்கிள். அவள் சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தைத்து வருகிற சட்டைகளைக் கடைசியில் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. எத்தனையோ வருடம் அதே மேஜை, அதே குழல் விளக்கு. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மேற்பார்வை வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவழியாக இவளையும் தலைமை அலுவலகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். "நான் கொண்டு போய் விடறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏற்றிப் போனார் இவர். பாதி வழியில் சிக்னலில் அணைந்த வண்டி பச்சை விளக்கு விழுந்தும் கிளம்பவில்லை. பட்டனை அமுக்கினால் "டக்". அவ்வளவுதான். உதைத்துக் கிளப்பலாம் என்றால் அந்த வண்டிக்கு உதைக்கிற கட்டையே கிடையாது. அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது காவலாளி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

அந்த வேலைக்கு எடுத்த ஆள் நிலைக்கவில்லை. மறுபடி இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நாளை மதியம். மூன்றாவது தடவை கூப்பிட அது ஒன்றும் மாமியார் வீடு இல்லை.

"இந்தத் தடவை நான் பஸ்லயே போயிக்கிறேன்" என்றாள் அவள். பல நாள் கழித்து வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம்.

"ரெண்டு பஸ் மாறணும். அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"உங்க வண்டி எப்ப நிக்கும்னு மட்டும் தெரியுமா?"

"அதைத்தான் தெரிஞ்சுக்கப் போறேன். ஒரு வோல்ட் மீட்டர் வாங்கி ஹேண்டில்ல மாட்டிட்டா, பேட்டரி என்ன நெலமையில இருக்குன்னு கண்ணு முன்னாடியே காட்டிடும். நாளைக்குக் காலையில போய் வாங்கி மாட்டிட்டு, நேரா உன் கம்பெனிக்கு வந்துடறேன்."

"பேட்டரியையே மாத்திட்டா என்ன?"

"அளக்காம மாத்தறதா? நல்லாயிருக்கே கதை! நல்ல பேட்டரியா இருந்தா?"

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு முழு அலமாரி அளவுக்குப் பதில் இருந்தது. எல்லாவற்றையும் உள்ளேயே மடித்து வைத்துவிட்டு, "சரி. ரெண்டு மணிக்குள்ள ஹெட் ஆபீஸ்ல இருக்கணும். நான் கம்பெனி கேட்டுல நிப்பேன். வந்துடுவீங்கள்ல?" என்றாள்.

அந்த "வந்துடுவீங்கள்ல" இரவு முழுக்க அவர் காதில் குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்குப் போனார். வண்டி மணியாகக் கிளம்பி மணியாக ஓடியது. டாக்டர் வந்து பார்க்கிற நேரத்தில் நோயாளி தெம்பாக எழுந்து உட்கார்ந்து கொள்வதில்லையா, அந்த மாதிரி.

அவர் நுழைந்த கடையை நடத்துவது ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மேலே வண்டிச் சங்கிலிகள், சுவரெல்லாம் கண்ணாடிகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிகிற கடை.

"மீட்டரா? தாராளமா இருக்கு. எண் காட்டறது வேணுமா, முள்ளு காட்டறதா, கலர் விளக்கு எரியறதா?"

"எது சரியாக் காட்டுமோ அது."

"எல்லாம் சரியாத்தான் காட்டும் சார்."

"அதை நான் சொல்லணும்" என்றார் தராசு சார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை இன்னொரு தடவை பார்த்தார். ஆள் தராசு சார் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐந்து மீட்டர்களைக் கல்லாமேஜை மேல் பரப்பினார்கள். ஒன்றில் சிவப்பு எண்கள், ஒன்றில் நீல எண்கள், ஒன்று சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரியது, ஒன்று பழைய கடிகாரம் போல முள் வைத்தது, கடைசி ஒன்று பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு மட்டும் எரிவது. "இதெல்லாம் இப்படிப் பெட்டில வச்சுப் பார்த்தா ஆகாது. என் வண்டி பேட்டரில ஒவ்வொண்ணா வச்சுப் பார்க்கணும்" என்றார். அவருக்கு வேறு எப்படித் தோன்றும்? தராசைச் சோதிக்க ஒரு கல் வேண்டும். மீட்டரைச் சோதிக்க ஒரு பேட்டரி வேண்டும். கல் கையோடு இருக்கிறது, வெளியே நிற்கிறது.

வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒயர் இரண்டை வெளியே இழுத்து வைத்தார். தெருவில் நாலு பேர் ஒன்றைக் குனிந்து பார்த்தால் ஐந்தாவது ஆள் வராமல் இருப்பாரா? பார்சல் மூட்டையோடு வந்த கூரியர்காரர் வண்டியை நிறுத்திவிட்டு மூக்கை நுழைத்தார்.

"எஞ்சினை ஓட விட்டுப் பாருங்க சார்."

"எஞ்சின் ஓடினா சார்ஜ் ஏறும். மீட்டர் அதைத்தான் காட்டும், பேட்டரியைக் காட்டாது" என்றார் தராசு சார். அது சரிதான். அந்த மனிதருக்கு விஷயம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

"அப்ப ஹெட்லைட்டையாவது போடுங்க. சும்மா உக்காந்திருக்கறப்ப எல்லாரும் பலசாலிதான். பாரம் தூக்கினாத்தானே தெரியும்?"

தராசு சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தெருவில் தன் பாஷை பேசுகிற ஓர் ஆள்! "கரெக்ட். எல்லா மீட்டருக்கும் ஒரே பாரம் இருக்கணும்" என்று சாவியைத் திருகி, விளக்கைப் போட்டார். உச்சி வெயில். விளக்கு எரிவது அதற்கே தெரிந்திருக்காது.

சிவப்பு எண் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு புள்ளி நான்கு. "ம்" என்றார். அதை மனதில் முத்திரை குத்திக்கொண்டார்.

ஒயரைக் கழற்றி, நுனியைச் சுத்தம் செய்து, நீல எண் மீட்டரை மாட்டுவதற்குள் கூரியர்காரர் தன் மைத்துனர் ஒருவர் வண்டியில் மீட்டர் மாட்டிய கதையை ஆரம்பித்து முடித்தும்விட்டார். பன்னிரண்டு புள்ளி இரண்டு.

"பார்த்தீங்களாம்மா? இது குறைச்சுக் காட்டுது."

"ஒரு புள்ளி ரெண்டு புள்ளிதானே சார்."

"அந்த ஒரு புள்ளிலதான் நாட்டுல எல்லாத் திருட்டும் நடக்குது."

கூட்டம் சிரித்தது. அவருக்குக் கொஞ்சம் தலை கனத்தது. சாவகாசமாகப் பொத்தான் மீட்டரை எடுத்தார். ஒருவர் ஹாரன் அடிச்சுப் பாருங்க என்றார். அடித்தார். இன்னொருவர் இண்டிகேட்டரையும் போடுங்க என்றார். போட்டார். எதைச் சொன்னாலும் செய்கிற நாள் அது. பொத்தான் மீட்டர் பன்னிரண்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"இது அதைவிட மோசம்!"

முள் மீட்டருக்கு அவர் மனதில் ஒரு தனி இடம் இருந்தது. முள் என்றால் உறவு முறை. ஆனால் அது பன்னிரண்டுக்கு நன்றாகக் கீழே சாய்ந்து படுத்துக்கொண்டது. சொந்தக்காரனே காலை வாரியதுபோல் ஆகிவிட்டது அவருக்கு. கடைசியாக விளக்கு மீட்டர். மாட்டிய உடனே சிவப்பு.

"என்னம்மா இது? ஒண்ணு சொல்றதை ஒண்ணு சொல்லல. வரிசையாக் குறைச்சுக்கிட்டே போகுது. இதை வாங்கி மாட்டறவன் கதி என்ன ஆகறது? அஞ்சும் பொய். பெட்டியோட தூக்கிடுவேன், தெரியுமா!"

"தராசு பார்க்கறவருக்கு மீட்டர் மேல என்ன அதிகாரம் சார்?" என்றார் அந்த அம்மாள், குரலை உயர்த்தாமல். "சரி, முதல்ல வச்சீங்களே, அது மட்டும்தானே உங்க கண்ணுக்கு யோக்கியம்? அதையே எடுத்துக்கோங்க. கதை முடிஞ்சுது."

நியாயம்தான். சிவப்பு எண் மீட்டரை மறுபடி மாட்டினார்.

பதினொன்று புள்ளி மூன்று.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தராசு சார் அந்த எண்ணையே பார்த்தார். அது அவர் கண் முன்னாலேயே புள்ளி இரண்டாயிற்று. ஐந்தும் பொய் சொல்லவில்லை. ஐந்தும் சத்தியத்தையே சொல்லிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் அதனதன் நேரத்துச் சத்தியத்தை. பொய் சொன்னது கல்லாக நின்ற பேட்டரி; இத்தனை நேரமாக ஹெட்லைட் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது. உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் ஒரு குன்றிமணி எடைகூடக் குறையாத இரும்புக் கல்லைத் தூக்கியே பழகிய கை. நிற்கிற இடத்திலேயே கரைந்து போகிற கல்லை அது எங்கே கண்டது?

விளக்கை அணைத்தார். இண்டிகேட்டரை அணைத்தார். பட்டனை அமுக்கினார்.

"டக்."

அப்போதுதான் கடைச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கேட்டில் நிற்பாள். இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு, வண்டி வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வண்டி... கிளம்பலம்மா."

அவள் கேட்டாள்: "மீட்டர் என்ன சொல்லுது?"

"பதினொண்ணு."

"சரி. நான் பஸ்ஸுக்கு ஓடறேன்."

"ஓடாதே! இப்ப ஓடினாலும் கிடைக்காது. அங்கயே நில்லு, ஒரு நிமிஷம்!" என்றவர் சுற்றிப் பார்த்தார். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தோற்றவன் பக்கத்தில் யார் நிற்பார்கள்? கூரியர்காரர் மட்டும் குற்ற உணர்ச்சியோடு பார்சல் மூட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஹெட்லைட்டைப் போடச் சொன்ன வாய் அவருடையதுதானே.

"தம்பி, உங்க வண்டி நல்லா ஓடுமா?"

"ஓடுதுண்ணே."

"பேட்டரி எப்படி?"

"பார்த்ததில்ல."

"ஸ்பீடாவது காட்டுமா?"

"அந்த முள்ளு செத்து ரொம்ப வருஷமாச்சு. பெட்ரோல் முள்ளும் அவுட்டு. டேங்க்கை ஆட்டிப் பார்ப்பேன், சலசலன்னா இருக்குன்னு அர்த்தம்."

எந்த முள்ளும் வேலை செய்யாத வண்டி. அவர் கையில் சிக்கியிருந்தால் முத்திரையே கிடைத்திருக்காது. கம்பெனி கேட்டில் நிற்கிற பெண்டாட்டியை, அவள் எதிர்காலத்தோடு சேர்த்து, அதில் ஏற்றித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தராசு சார் கண்ணை மூடிக்கொண்டு, அளக்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, "போயிட்டு வாங்க தம்பி, சீக்கிரம்" என்றார். விலாசத்தையும் தன் போன் நம்பரையும் சொல்லிவிட்டு, பார்சல் மூட்டையை இறக்கித் தன் தோளில் வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் கடை வாசலில் நின்ற நிலையைச் சொல்லி முடியாது. அந்த அம்மாள் ஒரு ஸ்டூலைப் போட்டார், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார், கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்துப் போன் அடித்தது.

"அண்ணே, டெலிவரி ஆயிடுச்சு! வாட்ச்மேன் கேட்டைச் சாத்தப் போனாரு, அக்கா கையைக் காட்டிட்டே உள்ள பூந்துட்டாங்க. கையெழுத்துதான் வாங்க முடியல!"

தராசு சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்படியே தண்ணீரைக் குடித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "ஒரு புதுப் பேட்டரி போட்டுடுங்கம்மா" என்றார்.

"அளக்க வேண்டாமா சார்?"

"போடுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

சாயங்காலம் தலைமை அலுவலக வாசலில் வண்டியோடு காத்திருந்தார். அவள் வெளியே வந்தாள். அந்த நடையைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது.

"தையல் லைனை நீதான் இனிமே மேல்பார்வை பார்த்துக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டாள். "என்ன கேட்டாங்க தெரியுமா? பத்துச் சட்டையையும் ஒரு டேப்பையும் குடுத்து, இதுல எது தப்புன்னு சொல்லுன்னாங்க. எனக்கு முன்னாடி போனவங்க எல்லாம் பத்தும் தப்பு, எல்லாமே சின்னதா இருக்குன்னு எழுதிட்டு வந்துட்டாங்களாம். நான் வேற டேப் குடுங்கன்னு கேட்டேன். குடுத்தது பழைய துணி டேப்புங்க, இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கு. பத்தும் ஒரே பக்கமாத் தப்பு காட்டுனா பத்தும் எப்படிங்க தப்பாயிருக்கும்? எதை நம்பி அளக்கறோமோ அதை இல்ல முதல்ல சந்தேகப்படணும்? இது கூடத் தெரியாமலா அத்தனை பேரும் இருப்பாங்க?"

"இருப்பாங்க" என்றார் தராசு சார், கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே. "அந்த மாதிரி ஆளுங்களும் இருப்பாங்கம்மா."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். ஹேண்டில் வெறுமையாக இருந்தது.

"என்னங்க, மீட்டர் எங்க? அவ்வளவு நேரம் அங்கதானே நின்னீங்க? ஒண்ணுகூடவா சரியில்ல?"

எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த "என்னங்க".

"எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு" என்றார். "அதான் எதையும் வாங்க முடியல."

இவர் என்றைக்குத்தான் புரிகிற மாதிரி பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் அவள். அவர் பட்டனைத் தொட்டார். வண்டி கிளம்பியது.